பேச இயலாதவர் மீது தீர்ப்பு

குற்றம் சாட்டப்பட்டவரின் சொல்லைக் கேளாமல் தீர்ப்புரைத்தல் நீதியன்று. இதனை நீதிமன்றமும் ஏற்கும். ஊர் ஜமாஅத்தும் ஏற்கும். ஆனால், மௌத்தாகிவிட்ட ஒருவரை எவ்வாறு அழைத்துக் கேட்பது?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை. 1942 ஆகஸ்டு 25 அன்று, ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் சண்டர்லேண்ட் கடல் விமானமொன்று ஐஸ்லாந்து நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தவர் 15 பேர். அவர்களுள் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தம்பியாகிய கெண்ட் கோமகனும் ஒருவர். ஏறத்தாழ அரைமணி நேரத்தில், கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பியிருந்த அவ்விமானம், டன்பீத் அருகே மூடுபனி சூழ்ந்த ஒரு குன்றில் மோதிச் சிதறியது. 14 பேர் மாண்டனர். வால்புறச் சுடுகூண்டில் இருந்த ஆண்ட்ரூ ஜாக் ஒருவரே தீக்காயங்களுடன் பிழைத்தார். பின்னோக்கி அமர்ந்திருந்த அவர், விமானத்தின் முன்புறத்தில் நடந்ததைக் கண்டிருக்க இயலாது.

அதே ஆண்டு அக்டோபரில், விமானத்துறை அமைச்சர் ஆர்ச்சிபால்ட் சிங்ளேர் நாடாளுமன்றத்தில் விசாரணை முடிவை அறிவித்தார். விமானம் வகுத்த வழியினின்று விலகிப் பறந்தது. குன்றைக் கடக்கப் போதிய உயரத்திலும் இல்லை. பொறுப்பு விமானத் தலைவருடையது என்பதே அம்முடிவு. முதலிரண்டும் நிகழ்ந்தவை. ஆனால் ஏன் விலகினார், ஏன் தாழ்ந்தார் என்பதற்கு விடை கூற வேண்டியவரோ மண்ணறைக்குள் இருந்தார்.

காரணம் ஆராய்தலே கூடாதா எனில், அவ்வாறன்று. ஆராயாவிடில் நாளை பறப்போரும் அதே பனியில் மடிவர். ஆனால் காரணம் காண்பது வேறு. குற்றவாளி என முத்திரையிடுவது வேறு. முன்னது உயிரோடிருப்போரைக் காக்கும். பின்னது ஐயமற நிறுவப்பட்டாலன்றி அநீதியாகும்.

இவ்வுண்மையைப் பிற்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையே தன் விதியாக எழுதிக்கொண்டது: எள்ளளவும் ஐயமில்லாதபோதே இறந்த விமானியைக் கவனக்குறைவுடையவர் எனல் வேண்டும். ஆயினும் 1994 ஜூன் 2 அன்று, ஸ்காட்லாந்தின் கிண்டயர் முனையில், பனி மூடிய குன்றில் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேரும் இறந்தபோது அவ்விதி மறக்கப்பட்டது. விசாரணைக் குழு விமானிகள் மீது அக்குற்றம் சுமத்தவில்லை. மேலதிகாரிகள் இருவரே 1995இல் சுமத்தினர். குடும்பத்தார் விடாது முறையிட்டனர். 2011இல்தான் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அவ்விரு விமானிகளின் இல்லங்கள் ஏறத்தாழ 16 ஆண்டுகள் அப்பழியைச் சுமந்தன.

நாமும் துக்க வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “அவர் அவசரப்பட்டார், அதனால்தான் போய்ச் சேர்ந்தார்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளறையில் அவர் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இறந்தவர் மறுமொழி கூறார். ஆகவே, அவருக்காக ஐயத்தின் பயனைக் கேட்கும் கடமை, குற்றம் சொல்ல வாய் திறக்கும் நம்மையே சாரும்.