ஜவ்வும் எண்ணும்

மதுரைப் பக்கம் முழங்காலுக்குள் எது கெட்டாலும் பெயர் ஒன்றுதான். 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு', 'ஜவ்வு தேஞ்சு போச்சு'. அலங்காநல்லூரில் மாடு பிடிக்கப் போய்க் காலைத் திருகிக்கொண்ட பையனுக்கும் ஜவ்வு, மேலூர் வயலில் ஆயுசெல்லாம் நாற்று நட்ட அப்பத்தாவுக்கும் ஜவ்வு. தசைநார், மெனிஸ்கஸ், எலும்பு முனையில் வழுவழுவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

அதே ஊரில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. நர்சிங்கோ பிசியோதெரபியோ பார்மசியோ படித்திருப்பாள். அமெரிக்காவில் நடந்த அறுவைசிகிச்சையின் குறிப்பைப் படித்து, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் சி.பி.டி. தொகுப்பிலிருந்து ஐந்து இலக்க எண் ஒன்றைப் போட வேண்டும். மூட்டுக்குள் ஆர்த்ரோஸ்கோப் விட்டுக் குருத்தெலும்பைச் சீவிச் சமன்செய்தால் 29877. அடியெலும்பில் சிறுசிறு துளை போட்டு, கசியும் மஜ்ஜையிலிருந்து புதுத்திசு வளரவிட்டால் 29879. நோயாளியின் செல்லையே எடுத்து வளர்த்துத் திரும்பப் பதித்தால் 27412. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. சிதைந்தால் தானாகச் சேராது என்பதை வில்லியம் ஹண்டர் 1743லேயே எழுதிவிட்டார். அதனால்தான் இத்தனை வைத்தியம், இத்தனை எண்.

குறிப்பின் தலைப்பில் 'துளையிடல்' என்றிருக்கும். உள்ளே படித்தால் சீவியது மட்டும்தான் இருக்கும். உள்ளே இருப்பதுதான் கணக்கு. இது எளிது. அடுத்தது அவ்வளவு எளிதல்ல. மெனிஸ்கஸையும் வெட்டி, குருத்தெலும்பையும் சீவியிருக்கிறார் டாக்டர். அப்போது எண் 29881. சீவியது மூட்டின் வேறு அறையில் என்றாலும் அதற்குள்ளேயே அடக்கம் என்று 2012 முதல் விளக்கத்திலேயே சேர்த்துவிட்டார்கள். (மெடிகேருக்கு வேறொரு எண்ணும் நிபந்தனையும் உண்டு, அது தனிக்கதை.) ஆக, உண்மையில் நடந்த ஒரு காரியத்துக்குத் தனி எண் போட்டால் குற்றம், விட்டால் நேர்மை.

'நடந்ததைத்தானே சார் போட்டேன்?' என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? விதி அப்படி என்பது பதிலாகாது. எண் ஒரு வாக்கியமல்ல, கோரிக்கை. 29877 போடுவது 'சீவினார்' என்று சொல்வதல்ல. 'சீவினார், அதற்குத் தனியாகக் காசு கொடு' என்று கேட்பது. உண்மையை வைத்துக்கொண்டே பொய்யான கோரிக்கை வைக்க முடியும். வாடகைக்குள் தண்ணீர்க் காசும் சேர்த்தி என்று பேசிவிட்டு, தண்ணீர் கொடுத்தது நிஜம்தானே என்று மறுபடி கேட்கும் வீட்டுக்காரரை நமக்குத் தெரியாதா?

பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி, பெரிய ஆஸ்பத்திரி, நமக்கென்ன என்று நினைக்கலாம். ஆனால் பில்லில் ஒரு பங்கு பெரும்பாலும் நோயாளியின் கையிலிருந்துதான் போகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 'எழுதாதது நடக்காதது' என்பது இந்தத் தொழிலின் வேதவாக்கு. பில்லுக்கு அது சரி. மனிதருக்குச் சரியா? டாக்டர் துளை போட்டுவிட்டு எழுத மறந்திருக்கலாம். கேட்டு அனுப்ப வழி உண்டு. 'துளை போட்டீர்கள்தானே?' என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. 'குருத்தெலும்புக்கு என்ன செய்தீர்கள், தெளிவாக்குங்கள்' என்று கேட்கலாம். நீதிமன்றத்தில்கூட எப்போதும் கிடைக்காத நாகரிகம் இது. ஆனால் கேட்டால் நேரமாகும், நாளுக்கு இத்தனை சார்ட் என்ற டார்கெட் இடிக்கும். எண்ணைத் தவறாகப் போடுவதைவிட, சந்தேகம் வந்தும் கேட்காமல் தள்ளிவிடுவதில்தான் அறம் சறுக்குகிறது என்பது என் எண்ணம். அந்தச் சறுக்கலில் பாதி, டார்கெட் வைத்தவருடையது.

அந்தப் பெண்ணின் அப்பத்தாவும் மூட்டைக் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை செய்ய வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு பட்டியல், அதற்கான பெயர் வேண்டும். வெறும் ஓ.பி. சீட்டுக்கு அது தேவையில்லை. வரிசை நீளம், டாக்டருக்கு ஒரு வரிதான் நேரம். 'மூட்டுத் தேய்மானம்', கீழே மாத்திரை. யாருடைய காசும் அந்தச் சொல்லைத் தொங்கிக்கொண்டு நிற்கவில்லை, அதனால் யாரும் விளக்கம் கேட்டு அனுப்பப் போவதில்லை. ராத்திரியெல்லாம் அமெரிக்க முழங்காலில் இடமா வலமா, எந்த அறை என்று தேடியவள் அந்தச் சீட்டை வாங்கிப் பார்ப்பாள். எந்தக் கால் என்றுகூடச் சில சமயம் அதில் இருக்காது.