ஒற்றை நட்சத்திரம்

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பழைய பதவிச் சின்னங்களைச் சேகரிப்பவரை மிகவும் படுத்துவது, பழம்பொருள் கடை டப்பாவின் அடியில் ஜோடியில்லாமல் அகப்படும் ஒரு வெண்கல நட்சத்திரம். பட்டாளத்துப் பேச்சில் அது ‘பிப்’. பெரும்பாலும் ஆர்டர் ஆஃப் தி பாத் விருதின் வடிவம். நடுவில் மூன்று குட்டிக் கிரீடங்கள், சுற்றி லத்தீன் வாசகம். கையில் எடுத்ததும் எழும் கேள்வி: இது எந்தப் பதவி?

ஒன்று மட்டும் தோளில் இருந்தால் செகண்ட் லெப்டினன்ட். இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன். கிரீடத்துக்குக் கீழே ஒன்று வந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு வந்தால் கர்னல். தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே பிடிபட்டுவிடும்: இரண்டு ஸ்டார் எஸ்.ஐ., மூன்று ஸ்டார் இன்ஸ்பெக்டர். ஆனால் கணக்கும் நிலையானதல்ல. 1902க்கு முன் இரண்டு நட்சத்திரம் என்றால் கேப்டன். செகண்ட் லெப்டினன்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

மேஜரின் சின்னமான கிரீடத்தில் இவ்வளவு குழப்பமில்லை. 1901க்குப் பிந்தைய மன்னர்கள் காலத்துக் கிரீடத்தின் வளைவு உருண்டு எழும்பும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடுவே பள்ளம் விழும். (2022க்குப் பின் மன்னர் சார்லஸ் உருண்டையையே திரும்ப எடுத்துக்கொண்டது வேறு கதை.) இந்தியா 1950இல் குடியரசானபோது கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன, பாத் நட்சத்திரத்தின் இடத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஏறியது.

பதவிச் சின்னம் யாருக்காக என்பதே ஒரு சிக்கல். 1902இல் வந்த பிரிட்டிஷ் காக்கி உடுப்பில் அதிகாரியின் பதவி சட்டைக்கையின் முனையில் பளிச்சென்று தெரியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் மறைந்திருந்து சுடுபவனுக்கும் அது வசதியாகத் தெரிந்தது. பலர் நட்சத்திரங்களைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். சக அதிகாரிகள் சிலர் அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்தார்கள். 1920இல் ராணுவமே கைமுனைச் சின்னத்தைக் கைவிட்டது. தன் ஆட்களுக்குத் தெரிய வேண்டும், எதிரிக்குத் தெரியக் கூடாது: எந்தத் தையற்காரரால் அப்படித் தைக்க முடியும்?

அதே போரின் பிரிட்டிஷ் பதக்கத்தில் விளிம்பிலேயே பெயர் பொறித்திருக்கும். நட்சத்திரத்தில் பெயர் இல்லை. பதவி உயர்ந்தபோது பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் இன்னொன்றைக் குத்திக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அப்போது அந்த முதல் நட்சத்திரம் இரண்டு பதவிகளுக்கும் சொந்தம். ஆகவே உதிரியாகக் கிடைத்த மூன்றை வரிசையாக வைத்து ‘கேப்டன்’ என்று சீட்டு ஒட்டுவது, பிறக்காத ஓர் அதிகாரியை உருவாக்குவது என்று கண்டிப்பான சேகரிப்பாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதிகாரிகளும் உதிரியாகத்தானே வாங்கிக் குத்திக்கொண்டார்கள் என்ற பதிலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வழக்கில் எந்தப் பக்கம் சாய்வது என்பது தெளிவாகவில்லை.