கையை எடுப்பது பற்றி

ஏறுவதை ஒழுக்கத்தின் உருவகமாக்கிப் பழகிவிட்டோம். உயர்வு, உன்னதம், மேன்மை என்று நம் மதிப்புச் சொற்களெல்லாம் மேல்நோக்கியவை. இறங்குவதற்கு வீழ்ச்சியின் சாயல்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் உயர்ந்த மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கு நிஜமான பிரச்னை இறங்குவதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவன் 30 மீட்டர் ஏறும்போது சுமார் 17,600 ஜூல் ஆற்றலைக் கடன் வாங்கியிருக்கிறான். கயிற்றில் இறங்குபவன் அதை உராய்வின் வெப்பமாகத் தவணை தவணையாகத் திருப்பித் தருகிறான். விழுபவன் ஒரே தவணையில் தீர்க்கிறான். வங்கிக்காரனின் புத்தி இப்படித்தான் போகும்.

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு ஒன்று உண்டு. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைப் பிரதானக் கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி இடுப்புக் கச்சையோடு இணைக்கிறார்கள். உடம்பின் பாரம் விழும்போது அது இறுகிக் கயிற்றைக் கவ்வுகிறது. பாரம் இல்லாதபோது தளர்ந்து நகர்கிறது. மலையேறிகளின் கயிற்று முறைகளை 1970களில் கோஸ்டாரிகாவின் மழைக்காட்டு மரங்களுக்குக் கொண்டுபோனவர்களில் டொனால்ட் பெர்ரி ஒருவர். கிளை கழிக்கும் தொழிலாளிகளும் இந்த இனத்து முடிச்சுகளை நம்பி இறங்குகிறார்கள். முடிச்சின் தலையைக் கையால் மெல்லக் கீழே அழுத்தினால் அது வழுக்கத் தொடங்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். கயிற்றின் நுனியிலும் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பார்கள். கயிறு முடிந்துபோனதை அறியாமல் இறங்கி விழுந்தவர்கள் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு விபரீதம் இருக்கிறது. பயந்தவன் எதையாவது பற்றுவான். கைக்கு அருகில் இருப்பது அந்த முடிச்சுதான். அதைப் பற்றித் தொங்கினால் அது கவ்வாது. பிழைப்பதற்காகப் பற்றிய கையே அவனை வீழ்த்துகிறது. ஆகவே, விடுவதற்கு உடம்பைப் பழக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் ஒப்பவில்லை. பனையேறுபவரைப் பாருங்கள் என்றார். காலில் தளைநார், மற்றபடி தன் தேர்ச்சியே அவருக்குக் கயிறு. கருவி நம்மைத் தாங்குமென்றால், விதி நம்மை நேர்மையாக வைத்திருக்குமென்றால், நல்லவனாக இருப்பதில் நமக்கென்ன பங்கு என்று கேட்டார். அசட்டையாகத் தள்ளக்கூடிய கேள்வியல்ல.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மாலை, என் கவுண்டரில் ரூ. 2000 குறைந்தது. குறைவை அன்றே அதிகாரியிடம் சொல்லி எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலு நோட்டைப் போட்டுக் கணக்கை நேராக்கினேன். அதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, நேத்து நாலு நோட்டு கூடுதலா வந்துடுச்சு.” அவர் நீட்டிய பணத்துக்கு ஏட்டில் இடமில்லை. அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார். “கணக்கு சரியா இருக்குங்க ஐயா. நீங்கதான் தப்பா எண்ணியிருப்பீங்க” என்றேன். அவர் நோட்டுகளை மறுபடி எண்ணினார். விரல் நடுங்கியது. தன்மீதே சந்தேகம் கொண்டவராகத் திரும்பிப் போனார்.

பணம் போனதில் வருத்தமில்லை. ஒரு நேர்மையான மனிதரைத் தன் எண்ணிக்கையை நம்பாதவராக ஆக்கிவிட்டேன். விதி என்னைக் கைவிடவில்லை. அது கவ்வ முடியாதபடி நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்கு இப்போது இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. முடிச்சு நமக்கு அந்நியமானதல்ல. தன் பயத்தை முன்கூட்டியே அறிந்த ஒருவன், நிதானமான வேளையில், தரையில் நின்று போட்டது அது. தன் பலவீனத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது சுதந்திரத்தில் குறைவல்ல. சுதந்திரம் செய்யும் காரியங்களில் ஒன்று. ஆனால் எந்த முடிச்சும் நம் கையை நமக்காக எடுத்துவிடாது. அவர் கேட்ட பங்கு அதுதான்.

அந்தப் பெரியவர் இன்னும் எங்கள் கிளைக்கு வருகிறார். வாங்கிய பணத்தை ஓரமாக நின்று இரண்டு முறை எண்ணுகிறார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.