சிறந்தது என்பது யாது?

ஒருவன் ஒன்றைச் சிறந்தது என்று கூறும்போது, அப்பொருளின் தகுதியோடு தன் உள்ளத்தின் நிலையையும் உடன் வெளியிடுகிறான். செல்வத்தைப் பெரிதென எண்ணுபவன் விலை மிகுந்ததைச் சிறந்தது என்பான். புகழைப் பெரிதென எண்ணுபவன் பலர் போற்றுவதைச் சிறந்தது என்பான். ஆதலின் தேர்வு என்பது ஒரு தீர்ப்பேயாகும். நீதிபதிக்குரிய கடமைகள் தேர்ந்தெடுப்போனுக்கும் உண்டு. இவ்வுண்மையை நாம் ஒரு சிறு நிகழ்ச்சியால் அறிந்துகொண்டோம்.

தமிழ்ப் பேசும் படத்தின் முதற் பத்தாண்டில் வெளிவந்தவற்றுள் சிறந்த ஐந்தைத் தெரிந்தெடுத்து, எமது தோட்டத்து வாசகசாலைக் கூட்டத்தில் பேசுமாறு அன்பர்கள் நம்மைப் பணித்தனர். ஆங்கிலம் கற்ற கிராணியாராயிற்றே, நூல்களைப் புரட்டிச் சொல்லிவிடுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் இதில் என்ன அருமை இருக்கிறது என்று எண்ணி எளிதாக இசைந்துவிட்டோம்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் ‘காளிதாஸ்’ திரைக்கு வந்தது. தமிழின் முதற் பேசும் படம் எனப்படும் அதில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது; கதாநாயகியாக நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி அம்மையார். அது முதல் 1940 முடிய 200க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளியாயின. அவற்றுட் பல புராணக் கதைகள். நாடக மேடையிலிருந்து நேரே திரைக்கு ஏறியவை. பேச்சினும் பாட்டு மிகுந்தவை. இத்தனையிலிருந்து ஐந்தை எந்த அளவுகோல் கொண்டு பொறுக்குவது?

முதலில் மக்கள் கூட்டத்தை அளவுகோலாகக் கொண்டு பார்த்தோம். அப்படியாயின் 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’யை முன்னே வைக்க வேண்டும். ஒய். வி. ராவ் இயக்கி, எம். கே. தியாகராஜ பாகவதர் பாடி நடித்த அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் வருவாயைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு கொட்டகையே எழுந்தது. மக்கள் விரும்பியதை இகழ்தல் நம் கருத்தன்று. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் இரவில் ஒரு நல்ல குரலைக் கேட்டு மகிழ்ந்தால், அதனைக் குறை கூற நாம் யார்? ஆயினும் தலைகளை எண்ணுவதற்கு நுழைவுச் சீட்டுக் கொடுப்பவன் ஒருவனே போதுமே! எண்ணிக்கையே தீர்ப்பாகுமாயின், நூற்றாண்டுகளாகப் பல்லாயிரவர் கைக்கொண்ட மூடப்பழக்கங்களும் சிறந்தவையே என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

அடுத்து, கலைத்திறனை அளவுகோலாகக் கொண்டோம். உடனே நம் நெஞ்சில் எழுந்தது 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’. கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஆண் வேடம் பூண்டு நந்தனாக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பர். அப்படத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் அவ்வம்மையாரின் குரலை இளமை முதல் இசைத்தட்டுக்களிற் கேட்டு உருகியவர்கள் நாம். எனவே, வேறு ஆராய்ச்சியின்றி நந்தனாருக்கே முதலிடம் என்று எழுதி வைத்தோம்.

கூட்டத்திற்கு முந்திய மாலை, வாசகசாலைத் திண்ணையில் அமர்ந்து, எழுதியதைச் சிலருக்குப் படித்துக் காட்டினோம். தில்லைக் கூத்தனைக் காண ஏங்கிய பண்ணையாள் நந்தன், தீயில் மூழ்கித் தூயவனாகி எழுந்து, கோயிலினுள் புகுந்தான் என்ற கதையையும் உருக்கமாகச் சொன்னோம். கேட்டிருந்தவர்களுள் ஒருவர், நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டியார். நம் தாயினும் மூத்தவர். ஆயினும் நம்மை ‘ஐயா’ என்றே அழைப்பவர். அவர் கேட்டார்: “எல்லோரும் குளத்திலே குளித்துவிட்டுத்தானே உள்ளே போனார்கள், ஐயா? அவனை மட்டும் ஏன் நெருப்பிலே குளிக்கச் சொன்னார்கள்?”

நம்மிடம் விடையில்லை. அப்பாட்டுக்களை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அக்கேள்வி ஒருமுறையேனும் நமக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? அக்கதையில் நாம் எப்பொழுதும் பாட்டைக் கேட்பவர்களோடு அமர்ந்திருந்தோம். தீயருகே நின்றவன் பக்கம் ஒருநாளும் சென்றோமில்லை. இனிய குரல் நம் செவியை நிறைத்தது. நிறைந்த செவி நீதியைக் கேட்க மறந்தது. நினைக்கும்போது நாணமுற்றோம்.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட தோழர்களை உடனழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். அத்தோழர்கள் எவரும் தீயில் இறங்கவில்லை. எல்லோரும் செல்லும் வாயில் வழியாகவே நடந்து சென்றனர். படம் வந்து நான்கே ஆண்டுகளில் நாட்டில் நடந்தது இது. அந்த மூதாட்டியார் வினவியதற்கு இதனினும் நேரான விடை ஒன்றில்லை.

‘அங்ஙனமாயின், சீர்திருத்தம் பேசும் படமெல்லாம் சிறந்த படமோ?’ என வினவுவாருளர். அதுவும் பொருந்தாது. 1936இல் வந்த ‘சதி லீலாவதி’ குடியின் கேட்டைக் காட்டப் புகுந்த படம். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கியது, எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் நடித்தது. குடியால் நிலைகெட்ட கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகிறான். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு தமிழ்ப் படக்கதையில் அத்துணை விரைவில் இடம்பெற்றமை பாராட்டத்தக்கதே. ஆனால் அவன் துயர் எவ்வாறு தீர்கிறது? புதையல் கிடைத்துச் செல்வனாகி விடுகிறான்! இலங்கையிலும் மலாயாவிலும் கொழுந்து பறித்தும் பால்மரம் வெட்டியும் வாழ்நாளைக் கழித்த நம் முன்னோருள் எவருக்குப் புதையல் கிடைத்தது? நல்ல நோக்கத்தோடு தொடங்கிய கதையும், மெய்யான துன்பத்திற்குப் பொய்யான மருந்து கொடுத்தால் தன் தகுதியில் குறைந்து போகிறது.

ஆகவே, கலையும் வேண்டும், அறமும் வேண்டும். இவ்விரண்டோடு, தன்னைக் காண வந்தவர்களின் மனத்தை வருத்தியேனும் உண்மையைச் சொல்லும் துணிவும் வேண்டும். அப்பத்தாண்டில் அத்துணிவை மிகுதியாகக் காட்டியவர் கே. சுப்பிரமணியம். 1937இல் ‘பாலயோகினி’யில் விதவையின் துயரையும் ஜாதிக் கொடுமையையும் எடுத்துக்காட்டினார். 1938இல் ‘சேவாசதன’த்தில், கிழவனுக்கு இளம்பெண்ணைக் கட்டி வைக்கும் கொடுமையைச் சாடினார், எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதல் திரையில் தோன்றியது அதில்தான். 1939இல் கல்கியின் கதையைத் ‘தியாக பூமி’ ஆக்கினார். கைவிட்ட கணவன் மீண்டும் உரிமை கோரி வழக்காடும்போது, அவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள் அப்படத்தின் சாவித்திரி. அக்காலத்துக் கொட்டகையில் இச்சொல் எத்துணை நெஞ்சங்களைச் சுட்டிருக்கும்! தேசிய இயக்கத்தை ஆதரித்தது என்பதால் 1940இல் வெள்ளை அரசாங்கம் அதனைத் தடை செய்தது. குறையே இல்லாத படம் என்று நாம் கூறவில்லை. தாழ்த்தப்பட்டோர் துயரைப் பேசும்போதும் கதையின் நடுவில் நிற்பவர் அவர்களுக்கு அடைக்கலம் தரும் சாஸ்திரியாரே. எனினும் வாயில் வழியாக நடக்கத் தொடங்கிய படம் அது.

இன்னுமொரு கடமை எஞ்சி நின்றது. அப்பத்தாண்டின் படங்களுட் பெரும்பாலானவை அழிந்துபோயின. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது; வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைவது. பழம் படங்களைக் காக்கப் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பட்டதோ 1964இல்தான். ‘காளிதாஸ்’ இன்று இல்லை; ‘சேவாசதன’மும் இல்லை. காணாத ஒன்றைச் சிறந்தது என்பதும் பொய். காணவில்லை என்பதற்காகத் தாழ்ந்தது என்பதும் பொய். சாட்சிகளுட் பெரும்பாலோர் மாண்டுபோன வழக்கில், எஞ்சியோர் சொல்லை மட்டும் கேட்டு முழுத் தீர்ப்பு வழங்கலாகாது அன்றோ?

எனவே, ஐந்து கேட்ட அன்பர்களுக்கு நாம் ஒன்றையே கொடுத்தோம். கண்ணாற் கண்டவற்றுள் ‘தியாக பூமி’ சிறந்தது. ஏனையவற்றைக் கேட்டறிந்தோம், அவற்றைத் தரம் பிரிக்கும் தகுதி எமக்கில்லை என்று கூட்டத்திற் கூறினோம். சுந்தராம்பாள் அம்மையாரின் பாட்டையும் ஒலிக்கச் செய்தோம். பாட்டு முடிந்ததும், மூதாட்டியார் கேட்ட கேள்வியை அவர் பெயரோடு எல்லோர்க்கும் எடுத்துரைத்தோம். அவர் தலைகுனிந்து புன்முறுவல் செய்தார்.

படமாயினும் நூலாயினும் தலைவராயினும், சிறந்தது இது என்று நாம் நாள்தோறும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அன்பர்களே, அத்தீர்ப்புக்கு முன் உங்கள் அளவுகோலை வெளிப்படச் சொல்லுங்கள். கண்டதை மட்டுமே கண்டதாகக் கூறுங்கள். அக்கதையில் எவன் வருந்தினானோ அவன் பக்கத்தில் ஒருமுறை சென்று நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்த பின்னும் சிறந்ததாகத் தோன்றுவதே சிறந்தது.