ஓரிடத்தில் நின்று காண்பது

நவதிருப்பதிகளுள் ஒன்றான திருப்புளிங்குடியில் காய்சினவேந்தப் பெருமாள் நெடிய திருமேனியராய்ச் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். சந்நிதி வாயிலில் நின்று சேவிப்பவர்க்குத் திருவடிகள் புலப்படா. அவற்றைச் சேவிக்க, வலம் வரும்போது பிராகாரத்திலுள்ள சிறு சாளரத்தண்டை நிற்கவேண்டும்.

பல்லாண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மூதாட்டி, கூட்ட நெருக்கத்தில் உள்ளே வர இயலாமல், அச்சாளரத்தின் வழியே திருவடிகளை மட்டும் சேவித்துவிட்டு அடியேனிடம், "சாமி, பெருமாளைச் சேவிச்சதா ஆகுமா?" என்று கேட்டாள். "பாதி சேவை ஆயிற்று அம்மா" என்றேன். அவள் முகம் வாடியது. அந்த விடை அடியேனை இன்றளவும் உறுத்துகிறது.

க்ஷேத்ர கணிதம் இதை எப்படிக் காண்கிறது? கண்ணை ஒரு புள்ளியாகக் கொள்க. அதிலிருந்து வாயிலின் இரு நிலைக்கால்களையும் தொட்டு இரு கோடுகள் உள்ளே செல்வதாக எண்ணுக. அவற்றின் இடைப்பட்டதே காட்சி. வாயில் 4 அடி அகலம், பெருமாள் அதற்கு 8 அடி உள்ளே என்று வைத்துக்கொள்வோம். வாயிலுக்கு 8 அடி வெளியே நிற்பவர் திருமேனியில் 8 அடி காண்பார். 4 அடிக்கு நெருங்கினால் 12 அடி. 16 அடிக்குப் பின்வாங்கினால் 6 அடியே. ஒத்த முக்கோணங்களின் விதி இது. (முண்டியடித்து முன்னேறும் அன்பர்கள் இதை அறிந்தே செய்கிறார்கள் போலும்! ஆனால் முன்னவர் தலை பின்னவர் காட்சியை மறைப்பதும் அதே விதிதான்.) திருவனந்தபுரத்தில் 18 அடி நீளமுள்ள அனந்தபத்மநாபனை மூன்று வாயில்களில் சேவிக்கிறோம்.

நிற்குமிடம் மாறினால் காட்சி மாறுகிறது. ஆகவே காட்சி பொய் என்பார் உண்டு. 1150இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கராசாரியர், வட்டத்தின் சுற்றளவில் நூற்றில் ஒரு பங்கு நேர்கோடாகவே தோன்றும். அதுபோல மாபெரும் பூமியும் சிறிய மனிதனுக்குத் தட்டையாகத் தோன்றுகிறது என்று விளக்கினார். கண் பொய் சொல்லவில்லை. தனக்கு எட்டிய சிறு பகுதியைச் சொன்னது. அதையே முழுமை என்று நீட்டியது நாம். எம்பெருமானாரும் ஸ்ரீபாஷ்யத்தில், அறிவெல்லாம் உள்ள பொருளையே பற்றுகிறது என்னும் யதார்த்தக்யாதியை எடுத்துரைக்கிறார். அந்நெறியில், இல்லாததைக் காண்பதால் அன்று, உள்ளதில் ஒரு கூற்றைக் காணாது விடுவதாலேயே மயக்கம் விளைகிறது.

அவ்வாறாயின் மூதாட்டி பாதிப் பெருமாளையா சேவித்தாள்? பெருமாளையே சேவித்தாள், அச்சாளரத்திலிருந்து. வாயிலில் நின்றவர்க்கு அது கிட்டவில்லை. மிக அருகில் நிற்கும் அர்ச்சகன் கதியும் அதுவே. திருமார்பில் மாலை சாத்தும்போது அடியேன் கண்ணுக்குத் திருவடிகள் தெரிவதில்லை. அருகில் நிற்பவன் முழுதும் கண்டவன் என்ற செருக்கே அன்று அந்த விடையைச் சொல்லிற்று.

இதனால் எல்லா நிலையும் ஒன்றே என்று கொள்ளலாகாது. முதுகைத் திருப்பி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கால் உள்ளவன் வலம் வராமல், கண்டது போதும் என்றிருப்பது சோம்பல். நடக்க இயலாதவர் நிலை வேறு.

நம்மாழ்வார் திருப்புளியின் கீழ் ஓரிடத்திலேயே எழுந்தருளியிருந்தார். ஒரு திருப்பதிக்கும் நடந்து சென்றாரில்லை. எம்பெருமான்களே அவரிடம் வந்து காட்சி கொடுத்துப் பாடல் பெற்றார்கள் என்பர் பெரியோர். பார்ப்பவன் இடம் பெயராதபோது பார்க்கப்படும் பொருள் பெயர்ந்து வருவதைக் கணிதம் தடுக்கவில்லையே! வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் திருநாளில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் இவ்வூரில் கருட வாகனத்தில் சேவை சாதிப்பதை அன்பர்கள் அறிவர்.

அந்த மூதாட்டியை அதன்பின் அடியேன் கண்டதில்லை. கருட சேவையன்று இரவு, வீதியோரத் திண்ணைகளில் அமர்ந்து காத்திருக்கும் முதியவர்களிடையே ஆண்டுதோறும் அவள் முகத்தைத் தேடுகிறேன்.