வள்ளலின் காசு

காசு, கைமாறுவதற்காகவே பிறந்தது. அதைச் செலவிடாமலும் வட்டிக்கு விடாமலும், பழமைக்காகவும் அருமைக்காகவும் சேர்த்து வைப்பதில் இன்பம் காண்போர் உலகெங்கும் உள்ளனர். பழங்காசு சேர்க்கும் இவ்வார்வம் அறிவுத் தாகமா? அல்லது பொருளாசையே மாறுவேடம் பூண்டு வருகிறதா? இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

அயல்நாடு சென்ற பிள்ளைகள் கொண்டு வரும் காசுகளை ஆல்பத்தில் அடுக்கி வைக்கும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அமெரிக்க அரசு 1999 முதல் 2008 வரை தன் 50 மாநிலங்களுக்கும் ஒவ்வொரு கால் டாலர் காசு வெளியிட்டது. ஐம்பதையும் சேர்த்துவிட வேண்டும் என்னும் ஆவல் அந்நாட்டுச் சிறுவரையும் முதியவரையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. இதில் குற்றம் காண யாருக்கும் மனம் வராது. ஆயினும் அதே நாட்டில் இன்னொரு காசின் கதையும் உண்டு.

1933-ஆம் ஆண்டில் 20 டாலர் மதிப்புள்ள பொற்காசுகள் 4,45,500 அங்கே அச்சிடப்பட்டன. பொருளாதார நெருக்கடியால் மக்கள் கையிலிருந்த பொன்னை அரசு திரும்பப் பெற்ற காலம் அது. எனவே அக்காசுகள் புழக்கத்துக்கு வராமலே உருக்கப்பட்டன. எப்படியோ சில மட்டும் வெளியே கசிந்தன. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள அவற்றுள் ஒன்றே ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. 2021-இல் அந்த ஒரு காசு ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதிலுள்ள பொன் ஓர் அவுன்சுக்கும் குறைவே. அப்படியானால் அந்தப் பெருந்தொகை எதற்கு? பிறரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்னும் பெருமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க இயலுமா?

இதைக் கேட்டு அமெரிக்கரைக் குறைகூற விரைய வேண்டாம். இவ்வினா நம் வாசலிலும் நிற்கிறது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர் அரணாக நிற்க, அங்கே பிறக்கும் கோமுகி ஆறு வளமூட்டும் நிலம் கள்ளக்குறிச்சி. 2019-இல் உருவான அம்மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவிலூர். சங்க காலத்தில் மலையமான் மரபினர் ஆண்ட கோவல் நகர் அதுவே. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய திருமுடிக்காரி அம்மரபினன். வந்தவர்க்கெல்லாம் குதிரையும் தேரும் வழங்கியவன் எனப் புலவர் பாடிய புகழ் அவனுடையது. அம்மரபினர் வெளியிட்டவை எனக் கருதப்படும் சிறு செப்புக் காசுகள் அப்பகுதியில் கிடைத்துள்ளன. அவற்றில் குதிரை உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

அவை நம் அறிவுக்கு எட்டியது யாரால்? பெரும்பாலும் சேகரிப்பாளரால் என்பதே உண்மை. வெள்ளம் வடிந்த ஆற்று மணலில் கிடைக்கும் பாசி படிந்த செப்புத் துண்டு, கண்டெடுத்த ஏழைக்கு எடைக்குப் போடும் உலோகம் மட்டுமே. அது பழங்காசு வணிகரிடம் சேராவிடில் உலைக்குத்தான் போயிருக்கும். நாளிதழ் ஆசிரியராகவும் நாணயவியல் அறிஞராகவும் விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவ்வாறு வணிகரிடம் வந்த காசுகளை விலைகொடுத்து வாங்கினார், பொறுமையுடன் ஆராய்ந்தார். பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980-களின் நடுவில் அவர் வெளிப்படுத்தியபோது, சங்க கால வேந்தர் தம் பெயரால் காசு வெளியிட்டனர் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தது. சங்க காலத் தமிழ்க் காசுகளைப் பற்றி 1997-இல் அவர் எழுதிய ஆங்கில நூல் அத்துறைக்கு அடிப்படையாயிற்று.

எனினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பழங்காசுக்கு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால், தற்செயலாகக் கிடைத்ததை விற்கும் நிலை மாறி, விற்பதற்காகவே தோண்டும் நிலை வருகிறது. மண்ணடுக்கிலிருந்து பிடுங்கப்பட்ட காசு பாதி ஊமையாகி விடுகிறது. எந்த ஊரில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானை ஓட்டின் அருகில் கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலமும் அது கடந்து வந்த வழியும் அறியப்படுகின்றன. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் எஞ்சிய பாதியும் ஊமையாகும். கண்டெடுத்த கூலித் தொழிலாளிக்குச் சில ரூபாய், இடையில் நிற்பவருக்குப் பல ஆயிரம் என்னும் அநீதியும் இதனுடன் கலந்துள்ளது.

சட்டம் இதை அறியாததன்று. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது என்கிறது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் நடப்பதைச் சட்டம் எவ்வளவு காண முடியும்? அங்கே மனச்சான்றே காவல் நிற்க வேண்டும். நம் மொழி காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது எவ்வளவு பொருத்தம்!

எனவே சேர்ப்பது குற்றம் என்றும் சொல்லோம். குற்றமற்றது என்றும் சொல்லோம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குபவர், வரலாற்றைக் காக்கவில்லை. அதன் அழிவுக்கு விலை கொடுக்கிறார். கேட்டு, விடை கிடைக்காதபோது வாங்காமல் எழுந்து வருவது கடினம். ஆசை எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்பது அந்த நொடியில்தான் தெரியும். முறையாகப் பெற்றதையும் பதிவு செய்து, கற்போர்க்குக் காட்டி, நமக்குப் பின் அருங்காட்சியகத்துக்குச் சேர வழிசெய்தால் நாம் அதன் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் ஆகிறோம். கொடுத்தே வாழ்ந்த வள்ளல் மரபின் காசை ஒருவரும் காணாதபடி இரும்புப் பேழையில் பூட்டி வைப்பதைவிட முரணான செயல் வேறென்ன?

நற்செய்தியிலும் காசுகள் வருகின்றன. வரி பற்றிய வினாவுக்கு விடையளிக்க இயேசு காட்டச் சொன்னது ஒரு தெனாரியம். அது திபேரியு சீசரின் உருவம் தாங்கிய காசாக இருக்கலாம் என்பர் அறிஞர். அத்தகைய வெள்ளிக் காசுகள் கடல் கடந்து வந்து நம் கொங்கு மண்ணிலும் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் சேகரிப்பாளர்க்கு உரிய பாடம் லூக்கா எழுதிய நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பத்துத் திராக்மாக்களுள் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றுகிறாள். வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். கிடைத்ததும் அதை முடிந்து வைத்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து மகிழ்கிறாள்.

நம் வீட்டு ஆல்பத்தில் இருப்பது கால் டாலரோ, கோவல் நகரின் செப்புக் காசோ, அதைக் கண்டெடுத்த மகிழ்ச்சிக்கு அண்டை வீட்டார் அழைக்கப்பட்டார்களா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.