ஏழு ஆண்டுகளை யார் கொடுப்பது?

பெரிய மேப்பிள் மரத்தின் கீழே புல் சரியாக வராது. ஆண்டுதோறும் புல்விதை தூவிச் சலித்தவர்கள் அந்த இடம் ஒன்றுக்கும் உதவாது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒன்ராறியோவின் காட்டுப் பூக்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வளவில் வேறில்லை. ஏப்ரலில் பனி கரைந்ததிலிருந்து மே முடிவில் மரம் முழுதாகத் தழைக்கும்வரை அந்த மண்ணில் வெயில் விழும். அந்தச் சில வாரங்களுக்குள் பிளட்ரூட் பூத்து முடிந்துவிடும். ட்ரவுட் லில்லி பூத்து, விதைத்து, ஜூனிலேயே இலையும் மடிந்து மண்ணுக்குள் போய்விடும். 1937 முதல் மாகாண மலராக இருக்கும் வெள்ளை ட்ரில்லியமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மூன்று இலை, அவற்றுக்கு மேலே மூன்று இதழ். பூ முதிரும்போது வெள்ளை மெல்ல மெல்ல ரோசா நிறமாகும். இதை விதையிலிருந்து வளர்க்க இறங்கினால்தான் அதன் காலக்கணக்கு புரியும். விதை ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே வேர் விடும். இன்னொரு குளிர்காலமும் கழிந்த பிறகே மண்ணுக்கு மேல் முதல் இலை வரும். களை என்று பிடுங்கி எறிந்துவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய இலை. பிறகு சில ஆண்டுகள் ஒற்றை இலையோடு நிற்கும், அதன் பிறகு மூன்று இலை. முதல் பூவைக் காண ஏழு முதல் பத்து ஆண்டுகள்.

அப்படியிருக்க, பூத்த ட்ரில்லியம் ஒன்று மலிவு விலைக்குக் கிடைக்கிறதென்றால் அந்த ஏழு ஆண்டுகளை யார் கொடுத்தது? பெரும்பாலும் காடுதான். காட்டில் தோண்டிய கிழங்கைச் சட்டியில் ஒரு பருவம் வைத்திருந்து, நர்சரிச் செடி என்று விற்பது இந்த வியாபாரத்தில் நெடுநாளாக நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கொட்டை புதைத்தவர் பதினைந்து, இருபது ஆண்டு பொறுத்துத்தான் நுங்கு காண்பார். வளர்ந்த பனையைப் பெயர்த்து வந்து தம் வளவில் நடுவது எவருக்கும் எளிதல்ல. ட்ரில்லியமோ ஒரு முழச் செடி. ஒரு மண்வெட்டி போதும். சிறியது என்பதாலேயே அதன் காலத்தைத் திருடுவது எளிதாகிவிட்டது.

பொறுமை என்றால் நல்ல குணம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எனக்கு அது நியாயம் சம்பந்தப்பட்ட விடயமாகவே படுகிறது. ஒன்று உருவாக வேண்டிய காலம் நம் அவசரத்தால் குறைவதில்லை. நாம் காத்திருக்க மறுத்தால் அந்தக் காலத்தை வேறு யாரோ செலுத்துகிறார்கள். நாளைக்கே வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்று நாம் கேட்கும் பொதிக்காக யாரோ ஒருவர் வேர்ஹவுஸில் இரவெல்லாம் நிற்கிறார். அந்த இரவு வேலையைச் செய்தே குடும்பத்தை நிமிர்த்திய தமிழர் ரொறன்ரோவில் எத்தனையோ பேர். ஆகவே இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

என் வளவில் இலையுதிர்காலத்து மேப்பிள் இலைகளைக் கூட்டி அள்ளுவதில்லை. அவை மட்கித்தான் இந்தச் செடிகளுக்கு மண்ணாகின்றன. கோடையில் ட்ரில்லியத்தின் காய் பழுத்துப் பிளந்ததும் மரத்தடியில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பழுப்பு விதையிலும் வெளிறிய சதைத்துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதிலுள்ள கொழுப்புக்காக எறும்பு விதையைத் தன் புற்றுக்கு இழுத்துப் போகும்; சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடும். அங்கே அடுத்த செடி முளைக்கும். எறும்பு ஒரு தடவையில் கடப்பது சில மீற்றர் தூரம்தான். காட்டுச் சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காணும்போது, அது எத்தனை தலைமுறை எறும்புகள் சுமந்த தூரம் என்பதையும் எண்ணிக்கொள்வேன்.

காட்டில் நடக்கும்போது ட்ரில்லியத்தைப் பறிக்காதீர்கள். பூவோடு அந்த மூன்று இலையும் போய்விட்டால், அடுத்த ஆண்டுக்கு உணவு சேர்க்க அதற்கு வேறு இலை இல்லை. மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், மடிந்தும் போகலாம். வாங்குவதானால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ நீங்களே வளர்த்ததா? தெளிவான பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். வந்தால், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அது ஒருவர் உங்களுக்காகக் காத்திருந்த காலத்தின் விலை.